நாயின் வட்டிலில் இடுவது யாது?

ஈச்சிலம்பற்றுக் கரையிலே தோணி வந்தடையும் வேளையில், வாங்குவோருக்கு முன்னே நிற்பவை நாய்களே. பச்சை மீன்தலையைக் கவ்விக்கொண்டு அவை ஓடும் காட்சி நமக்குப் பழகியது. அவ்வூர் மாணவர் ஒருவர் சென்ற கிழமை நம்மிடம் கவலையோடு வந்தார். "கடைத்தீனி கொடாவிடில் குட்டி நலியும் என்கிறார்கள், ஐயா. தங்கையின் பால்மாக் காசு அதற்கே போகிறது. பச்சை மீனே போதாதா?" என்றார்.

கடைத்தீனி பழிக்கத்தக்கதன்று. 1860ஆம் ஆண்டளவில் இலண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்பார் நாய்ப் பிஸ்கோத்து விற்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த தொழில் அது. சத்துகளை அளந்து சேர்ப்பதே அதன் சிறப்பு.

பச்சை உணவோ இயற்கையானதெனினும் இடருடையது. பச்சை இறைச்சியிலுள்ள சால்மொனெல்லாக் கிருமி, நாயோடு விளையாடும் குழந்தையையும் பற்றக்கூடும். சிலவகை மீன்களிலுள்ள நொதியம் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும். வேகவைத்தால் அது செயலிழக்கும்.

சோறு நாய்க்கு ஒவ்வாது என்பதும் பிழை. மாப்பொருளைச் செரிக்கும் மரபணு, ஓநாயினும் நாய்க்கு மிகுதி என 2013இல் சுவீடன் ஆய்வாளர் காட்டினர்.

ஆதலின் அம்மாணவருக்கு நாம் கூறியது இதுவே: மீனை வேகவைத்து, முள் நீக்கி, சோற்றோடு பிசைந்து கொடுங்கள். வெங்காயமும் உறைப்பும் வேண்டா. வளரும் குட்டிக்குச் சுண்ணச்சத்து எவ்வளவு தேவையென மிருக வைத்தியரைக் கேளுங்கள். தங்கையின் பால்மாவை நிறுத்தாதீர்கள். வீட்டு அடுப்பிலேயே இருவருக்கும் வழியுண்டு.