காமிராவும் கரும்பலகையும்

பிறரிடம் மாதச் சம்பளத்திற்கு அமராது, தம் கைத்திறன் ஒன்றையே முதலாகக் கொண்டு வாழ்வோர் உலகிற் பலர். தச்சரும் சிற்பியரும் ஓவியரும் இவ்வகுப்பினர். இவரொடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கவர் புகைப்படக் கலைஞர். இவருட் சிலர், படமெடுத்து ஈட்டும் பொருள் போதாமையால், அக்கலையைப் பிறர்க்குக் கற்பித்தும் வாழ்க்கை நடத்துகின்றனர். அவ்வாறு கற்பிக்கப் புகுந்தவரைக் கண்டு, தொழிலில் தோற்றவரே ஆசிரியராயினர் என்று உலகினர் எளிதிற் கூறிவிடுகின்றனர். இக்கூற்றை யாம் உடன்படோம். தனித்தொழில் புரியும் கலைஞர்க்கு ஆசிரியத் தொழில் அவர்தம் விடுதலைக்கு ஊன்றுகோலாவதோடு, அவர்தம் கலைக்கு உரமுமாகும் என்பதே எம் துணிபு. இதனை நிறுவுதற்குப் பெரனிஸ் அபட் என்னும் அமெரிக்க அம்மையாரின் வாழ்க்கையைச் சான்றாகக் கொள்வாம்.

அபட் அம்மையார் 1898-ஆம் ஆண்டில் ஒஹையோ மாகாணத்திற் பிறந்தவர். சிற்பக்கலையில் வேட்கை கொண்டு 1921-இல் பாரிஸ் மாநகரம் சேர்ந்தார். கையிற் பொருளின்றி வாடிய நாளில், 1923-இல், மான் ரே என்னும் புகைப்படக் கலைஞரின் இருட்டறையில் உதவியாளராக அமர்ந்தார். இத்தொழிலைச் சிறிதும் அறியாத ஒருவரையே மான் ரே அப்போது தேடிக்கொண்டிருந்தார். அறியாமையே அம்மையார்க்கு அன்று தகுதியாயிற்று. நெகடிவ் கழுவுதலையும் பிரிண்டு போடுதலையும் அவ்விருட்டறையிலேயே கற்றுத் தேர்ந்து, பின்னர்க் காமிராவையும் கையாளத் தொடங்கி, 1926-இல் தமக்கென ஒரு ஸ்டூடியோவை அமைத்துக்கொண்டார். ஜேம்ஸ் ஜாய்ஸ் முதலாய எழுத்தாளர் பலர் அவர் காமிராவின் முன் அமர்ந்தனர். கற்றுக்கொடுக்க ஓரிடம் வாய்த்தமையால், சிற்பம் நாடி வந்தவர் மூன்றாண்டுகளில் வேறொரு கலையில் வல்லுநராயினார்.

இதற்கு வேறான ஒரு வாழ்க்கையையும் அம்மையார் அந்நகரிலேயே கண்டார். 1857-இற் பிறந்த யூஜேன் அட்ஜே என்பார், கப்பலிலும் நாடக மேடையிலும் உழைத்துப் பார்த்தபின் புகைப்படத் தொழிலை மேற்கொண்டவர். கனத்த காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் தாமே சுமந்து சென்று, பாரிஸின் பழந்தெருக்களையும் கடைமுகப்புகளையும் சோலைகளையும் ஏறக்குறைய முப்பதாண்டுகள் படமெடுத்தார். ஓவியர்க்கும் நூலகங்களுக்கும் அப்படங்களை விற்பதே அவர் பிழைப்பு. 1920-இல் 2,600-க்கு மேற்பட்ட தகடுகளைப் பிரெஞ்சு அரசாங்கத்தார் விலைக்குப் பெற்றனர். எனினும் அவர் பள்ளி நடத்தியவரல்லர். தம் தொழில்முறையை நூலாக எழுதி வைத்தவருமல்லர். 1927-இல் அம்மையார் அம்முதியவரைத் தம் ஸ்டூடியோவிற் படமெடுத்தார். அப்படத்தை அவர் கையிற் கொடுக்கச் சென்றபோது அவர் உயிர் நீத்திருந்தார். எஞ்சியிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட தகடுகளையும் பல்லாயிரம் பிரிண்டுகளையும் அம்மையார் மறு ஆண்டில் விலை கொடுத்து வாங்கினார். 1968-இல் நியூயார்க்கு நவீனக் கலைக் காட்சிசாலையார் அவற்றைப் பெற்றுக்கொள்ளும் வரை நாற்பதாண்டு அவற்றைப் பேணிக் காத்தார். அட்ஜேயின் பெயர் இன்று நிலைத்திருப்பதற்கு அம்மையாரின் அன்பு பெருங்காரணம். ஆயினும் எல்லாக் கலைஞர்க்கும் இத்தகையதோர் அன்பர் வாய்ப்பார் என்று நம்பியிருத்தல் இயலுமோ? தாம் அறிந்ததைத் தம் காலத்திலேயே பலர்க்கும் பகிர்ந்தளிப்பதே பாதுகாப்பு.

1929-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மையார் நியூயார்க்கு நகரம் மீண்டார். எட்டாண்டு இடைவெளியில் அந்நகரம் உருமாறியிருந்தது. பழைய வீடுகள் இடிபட, வானளாவிய மாளிகைகள் எழுந்துகொண்டிருந்தன. இம்மாற்றத்தைப் படமாக்கி வைத்தல் வேண்டும் என்னும் பேரவா மீதூர, பாரிஸிற் செவ்வனே நடந்துவந்த ஸ்டூடியோவை விடுத்து அங்கேயே தங்கினார். அவ்வாண்டு அக்டோபர் மாதத்திற் பங்குச்சந்தை வீழ்ந்தது. வறுமை நாடெங்கும் பரவிற்று. உருவப்படத்திற்குப் பொருள் கொடுப்போர் அருகினர். நகரப் படங்களுக்கு உதவி வேண்டி அறநிலையங்களுக்கும் செல்வர்க்கும் விடுத்த வேண்டுகோள்கள் பயன்படவில்லை. ஆறாண்டுகள் எவர் துணையுமின்றி அப்பணியைத் தாமே நடத்தினார். வாரத்தில் ஒருநாள் அதற்கென ஒதுக்கி, ஏனைய நாட்களைப் பிழைப்பிற்குச் செலவிட்டார். வணிகர் வேண்டிய படங்களை எடுத்துக் கொடுத்ததோடு, 1930-களின் முற்பகுதியில் நியூ ஸ்கூல் என்னும் கல்வி நிலையத்திற் புகைப்பட ஆசிரியராகவும் அமர்ந்தார். அப்பணியை 1958 வரை விடாது ஆற்றினார்.

தனித்தொழில் என்னும் பெயர் கேட்டதற்கு இனிது. நேரத்திற்கு வரவேண்டுவதில்லை, மேலதிகாரி இல்லை என்று இளைஞர் அதன்பால் ஈர்க்கப்படுவர். ஆயின் வாடிக்கைக்காரர் பலர் என்பது எசமானர் பலர் என்பதேயாம். நம் நாட்டில் முகூர்த்த நாட்களில் ஒருவரையே நால்வர் அழைப்பர். ஆடியிலும் மார்கழியிலும் காமிரா பெட்டிக்குள் உறங்கும். வீட்டு வாடகையோ மாதந்தவறாது வந்து நிற்கும். இந்நிலையில் வந்த வேலை அனைத்தையும், வந்த விலைக்கு, ஏற்க வேண்டியவராகின்றார் கலைஞர். கற்பித்தலால் வரும் வருமானம் சிறிதேயாயினும் நாள் தவறாது வருவது. உணவுக்கு அது வழி செய்யுமானால், தகாத விலையை மறுத்துரைக்கும் துணிவு பிறக்கும். தாம் விரும்பிய பணிக்கு வாரத்தில் ஒரு நாளேனும் கிட்டும். அபட் அம்மையார்க்கு அவ்வொரு நாளே புகழைத் தந்தது. இதனை விடுதலை என்னாது வேறென்னென்பது?

இனி, படத்தின் விலையைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். விசையை அழுத்த ஒரு நொடி. அதற்கு இத்துணைப் பணமா என்று வினவுவார் உளர். அம்மையார் எடுத்த நியூயார்க்கு நகரத்தின் இரவுத் தோற்றம் இவர்க்கு விடையாகும். ஆயிரமாயிரம் சாளரங்களில் விளக்குகள் சுடர, நகரமே மணிக்குவியலெனத் தோன்றும் படம் அது. அன்றைய பிலிமில் அவ்வொளி பதிவதற்குக் காமிராவைப் பதினைந்து நிமிடம் அசையாது திறந்து வைத்தல் வேண்டும். அலுவலகங்களோ மாலை ஐந்து மணிக்கு விளக்கணைத்து மூடப்படும். ஆதலால் ஐந்து மணிக்கு முன்னரே முழுதும் இருள் சூழும் நாள் வேண்டும். அது டிசம்பர் மாதத்தில், பகல் மிகக் குறுகிய நாட்களில்தான் வாய்க்கும். உயரத்தில் வீசும் காற்று காமிராவை அசைக்குமாதலால், திறந்த வெளியை விட்டு ஒரு சாளரத்தின் உள்ளிருந்தே படம் எடுத்தல் வேண்டும். இவையெல்லாம் முன்னரே கணக்கிட்டு, ஆண்டிற் கிட்டும் அச்சிறு பொழுதிற்காகக் காத்திருந்து எடுத்தது அப்படம். யாம் கொடுக்கும் விலை அப்பதினைந்து நிமிடத்திற்கன்று. அதற்கு முன் நிகழ்ந்த சிந்தனைக்கும், எடுத்துக் கழித்த படங்களுக்கும், இருட்டறையிற் கழிந்த இரவுகளுக்குமேயாம். இவ்வுண்மையை உலகினர்க்கு உணர்த்தவல்லவர் யாவர்? வகுப்பறையில் ஒருமுறை தாமே முயன்று பார்த்த மாணவரே. கற்பிக்கும் கலைஞர், தம் தொழிலின் அருமையை அறிந்த ஒரு கூட்டத்தையும் உடன் உருவாக்குகின்றார்.

1935-இல் அமெரிக்க அரசாங்கத்தின் கூட்டாட்சிக் கலைத் திட்டம் அம்மையார்க்குச் சம்பளமும் உதவியாளரும் அளித்தது. நான்காண்டு அதன் துணையொடு நகரப்பணியை நடத்தி, 305 படங்களை நியூயார்க்கு நகரக் காட்சிசாலையில் வைப்பித்தார். 1939-இல் "மாறிவரும் நியூயார்க்கு" என்னும் நூலும் வெளிவந்தது. அவ்வாண்டே அச்சம்பளப் பணி அவரை விட்டு நீங்கிற்று. நான்காண்டு நின்ற அரசாங்க உதவி மறைந்தபோதும் வகுப்பறை மறைந்திலது. சம்பளம் கொடுப்பார் மனம் மாறலாம். கற்க விரும்புவார் எக்காலத்தும் உளர் என்பது இதனாற் பெறப்படும்.

கற்பித்தலாற் கலைஞர் பெறும் ஊதியம் பணம் மட்டுமன்று. கைப்பழக்கத்தால் அறிந்ததை வாயாற் சொல்லப் புகும்போதே, தாம் அதனை எவ்வளவு அறிந்துளோம் என்பது தெரியவரும். இந்த வெளிச்சத்திற்கு லென்ஸை ஏன் இவ்வளவு திறந்தீர் என்று மாணவர் வினவின், பழக்கம் என்னும் விடை செல்லாது. காரணம் கூறியாக வேண்டும். காரணம் தேடுவோர் தம் வேலையையும் திருத்திக்கொள்வர். அம்மையார் வகுப்பு நடத்திவந்த காலத்திலேயே, 1941-இற் புகைப்படக் கலைக்கு வழிகாட்டும் நூலொன்றையும், 1948-இற் பெரிய நிலைக்காமிராவை எளிதிற் கையாளும் முறை பற்றிய நூலொன்றையும் எழுதி வெளியிட்டார்.

பிறர்க்கு விளங்கவைக்கும் அவ்வேட்கையே பிற்காலத்தில் அவரை விஞ்ஞானத்தின்பால் ஈர்த்தது என்று யாம் கருதுகின்றோம். 1956-இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பள்ளிகளிற் பௌதிகம் கற்பிக்கும் முறையைத் திருத்துதற்கென ஒரு குழு அமைந்தது. 1958-இல், அறுபது வயதினராய், அம்மையார் அதிற் படமெடுக்க அமர்ந்தார். துள்ளிச் செல்லும் பந்தினை இருளில் நிறுத்திவைத்த காமிராவின் முன் விடுத்து, சம இடைவேளைகளில் மின்னி மறையும் விளக்கொளியால் அதன் நிலைகளையெல்லாம் ஒரே படத்திற் பதித்தார். பந்து விரையும் இடத்தில் உருவங்கள் அகன்றும், உச்சியில் மெலிந்து திரும்பும் இடத்தில் நெருங்கியும் தோன்றும். பல பக்கங்களில் விளக்க வேண்டிய விதியை மாணவர் ஒரு நோக்கிற் கண்டுகொள்வர். அப்படங்கள் 1960-இல் வெளிவந்த பாடநூலில் இடம்பெற்றன. தோற்றவர் புகும் இடமே வகுப்பறை என்பார், இதற்கு யாது கூறுவர்?

எம் கருத்திற்கு மாறாகச் சொல்லத்தக்கனவும் உள. கற்பித்தல் கலைஞரின் பொழுதை உண்டுவிடும் என்பது ஒன்று. அது மெய்யே, அளவறிந்து ஏற்றல் வேண்டும். நன்கு படமெடுப்பாரெல்லாம் நன்கு கற்பிப்பார் என்பதற்கில்லை என்பது மற்றொன்று. அதுவும் மெய்யே, ஆயினும் தாம் படமெடுக்காது நூலை மட்டும் படித்துக் கற்பிப்பார் இவரினும் இடர் தருவர். வறுமையைக் கற்பித்தல் முற்றும் போக்கிவிடும் என்றும் யாம் கூறவில்லை. அம்மையார் தாம் கண்டறிந்த கருவிகளை விற்பதற்கென 1947-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார்; அது இலாபம் தராது நட்டமாகவே முடிந்தது. தனித்தொழிலில் இழப்பு உறுதி; அவ்விழப்பைத் தாங்கி நிற்க ஒரு தூண் வேண்டும் என்பதே எம் வாதம்.

இக்காலத்தில் ஒவ்வொருவர் கையிலும் கைபேசியும் அதனுட் காமிராவும் உண்டு. இனிப் புகைப்படக் கலைஞர் எதற்கு, ஆசிரியர் எதற்கு என்பாரும் தோன்றியுள்ளனர். எழுதுகோல் எல்லார் கையிலும் வந்தபின் தமிழாசிரியர் வேண்டா என்று எவரேனும் கூறினரோ? கருவி பெருகுந்தோறும், அதனைக் கொண்டு எதனை, எங்கு நின்று, எவ்வொளியிற் காண்பது என்று கற்பிப்பார் மிகுதியும் வேண்டப்படுவர்.

ஆதலாற் கல்லூரிகளை நடத்துவார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுவிழாவிற்குப் படமெடுக்க வரும் கலைஞரிடம், கல்லூரிக்குச் செய்யும் தொண்டு என்று கூறி விலையைக் குறைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. மேடைக்கும் மாலைக்கும் சிற்றுண்டிக்கும் கொடுக்கும் பொருளை அவர்க்கு மறுத்தல் அறமன்று. உரிய விலையைக் கொடுப்பதோடு, தொழிலில் நின்று உழைப்பவரை ஆண்டிற் சில வாரங்களேனும் வகுப்பெடுக்க அழைத்து, அதற்கும் தக்க ஊதியம் அளிப்பின், மாணவரும் பயனடைவர். அவர்தம் இல்லத்தும் அடுப்பெரியும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் எவரேனும் இத்தொழிலை நாடுவீராயின், காமிரா வாங்கச் சேர்க்கும் பொருளொடு, மழைக்காலத்திற்கென ஒரு சிறு தொகையையும் சேர்மின். நீவிர் கற்றதை மறைக்காது பிறர்க்குக் கற்பிமின். கற்றுக்கொண்டவர் போட்டியாக வருவர் என்று அஞ்சற்க. உம் உழைப்பின் மதிப்பை உலகிற்கு எடுத்துரைப்பாரும் அவரேயாவர். அபட் அம்மையார் 1991-இல், தொண்ணூறு கடந்த முதுமையில், மெயின் மாகாணத்தில் மறைந்தார். தாம் விரும்பிய படங்களைத் தம் விருப்பின்படியே எடுத்து வாழ்ந்தவர் அவர். அவ்வுரிமையை அவர்க்கு ஈட்டித் தந்தவற்றுள் கால் நூற்றாண்டுக் கரும்பலகையும் ஒன்று என்பதை மறவாதிருப்போமாக.