பதிவேட்டில் மூக்குக்கும் ஒரு வரி

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையின் அமைச்சருக்கும் செயலாளருக்கும்:

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் நாற்றம் கிடையாது. கசிந்தால் வீட்டார் உணர வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை அதில் கலக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் வேறு எச்சரிக்கை எதுவும் இல்லை. அடுப்படியின் பாதுகாப்பை மூக்கிடம் ஒப்படைத்துவிட்டோம். அந்த மூக்கு வேலை செய்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அமெரிக்க அரசு 2012 முதல் 2014 வரை தன் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் வாசனைத் தேர்வையும் சேர்த்தது. 40 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு முகரும் திறன் குறைந்திருந்தது. 57 முதல் 85 வயது வரையான சுமார் 3,000 பேரைத் தொடர்ந்து கவனித்து சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட முடிவு இன்னும் கலங்கவைப்பது. வாசனை அறவே தெரியாதவர்களில் 39 சதவீதத்தினர் ஐந்தாண்டுக்குள் இறந்திருந்தார்கள். நன்றாகத் தெரிந்தவர்களில் 10 சதவீதம். வாசனை போனதால் அவர்கள் சாகவில்லை. உடலுக்குள் ஏதோ தளர்வதை மூக்கு முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறது. பார்க்கின்சன் நோயிலும் கை நடுங்கத் தொடங்கப் பல ஆண்டுகள் முன்பே வாசனை மங்குவதுண்டு.

2020 ஜூனில் மத்திய அரசு வாசனை இழப்பைக் கோவிட் அறிகுறிகளில் சேர்த்தபோது ஊரே அதைப் பேசியது. வாசனை திரும்பாதவர்களைப் பிறகு மறந்துவிட்டோம். என் சித்தி அவர்களில் ஒருவர். குழம்பு கொதிக்கும் வாசனையிலேயே உப்புக் குறைவைச் சொல்லும் மனுஷி; இன்று பால் தீய்ந்து பாத்திரம் கருகினாலும் அவருக்குத் தெரிவதில்லை. மருத்துவரிடம் போனால் "இதெல்லாம் ஒரு நோயாம்மா?" என்று அனுப்பிவிட்டார். அதன்பின் சித்தி யாரிடமும் சொல்வதில்லை. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு நான்கையும் தினம் இருவேளை மூன்று மாதம் முகர்ந்து பழகினால் சிலருக்குப் பலன் கிடைக்கிறது என்று ஜெர்மனியில் 2009இலேயே காட்டியிருக்கிறார்கள். அதைச் சொல்லக்கூட அவருக்கு ஆள் இல்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்களுடைய பதிவேட்டில் மூக்குக்கும் ஒரு வரி சேருங்கள். கண்ணை மூடச் சொல்லி காபித்தூள், பெருங்காயம், ஏலக்காய், மல்லிகை என்று ஒவ்வொன்றாக நீட்டினால் போதும். தைலமும் கற்பூரமும் வேண்டாம். வாசனை போனவர்களுக்கும் அந்தக் காட்டம் உறைக்கும். செடார் சீஸும் ரூட் பியரும் கொண்ட அமெரிக்கத் தேர்வு நம் பாட்டிகளுக்கு ஆகாது. அரசு மருத்துவக் கல்லூரிகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவுகள் நமக்கான தேர்வை உருவாக்கட்டும். வாசனை தெரியாதவர் வீட்டில் எரிவாயுக் கசிவு அலாரம் ஒன்றை அரசே மாட்டித் தரட்டும்.

நல்ல மூக்கும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. பாதாளச் சாக்கடையில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது முகரும் நரம்பையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் அடங்கிவிட்டது என்று தொழிலாளி நம்பும் நேரத்தில்தான் உயிர் போகிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்தும் இந்தச் சாவுகள் நிற்கவில்லை. உள்ளாட்சித் துறையோடு சேர்ந்து இந்த ஆண்டே ஓர் ஆணை பிறப்பியுங்கள்: வாயு அளக்கும் கருவி இல்லாமல் எந்தக் குழியின் மூடியும் திறக்கப்படக் கூடாது, முகர்ந்து பார்த்ததைச் சோதனை என்று எந்த ஒப்பந்ததாரரும் கணக்குக் காட்டக் கூடாது.