இன்றே கடைசி

ஒரு படத்துக்குப் பேர் வைக்கும்போது கொஞ்சமாவது மனசாட்சி வேணாமா? ‘ஹாலோவீன் எண்ட்ஸ்’. ஹாலோவீன் முடியுதாம். 2022 அக்டோபர் 14-ல வந்துச்சு. வரிசையில பதிமூணாவது படம். முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸும், முதல் படத்துல அவன்கிட்ட இருந்து தப்பிச்ச லோரி ஸ்ட்ரோடும் கடைசியா ஒரு தடவை மோதப் போறாங்க, 44 வருஷக் கணக்கு தீரப் போகுதுன்னு ட்ரெய்லர்ல சத்தியம் பண்ணாத குறை.

நானும் நம்பினேன். காசு கட்டினேன். வீட்டுல எல்லாரையும் சீக்கிரம் சாப்பிட வெச்சு, ஹால் லைட்டை அணைச்சு, போனை சைலன்ட்ல போட்டுட்டு உட்கார்ந்தேன். இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு நீங்க கேக்கறது காதுல விழுது. வீட்டுலயும் அதையேதான் கேட்டாங்க.

எனக்கும் மைக்கேலுக்கும் பழக்கம் இன்னிக்கு நேத்திக்கு இல்லீங்க. காலேஜ் நாள்ல நாலு பேர் காசு போட்டு, ஒரு ராத்திரிக்கு டெக் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய படம் பார்ப்போமே, அந்தக் காலத்துப் பழக்கம். ரெண்டு சண்டைப் படத்தோட சேர்த்து, போனாப் போகுதுன்னு கடைக்காரர் தள்ளிவிட்ட கேசட்தான் ஜான் கார்பெண்டர் 1978-ல எடுத்த ‘ஹாலோவீன்’. பாதி நேரம் திரையில கோடு கோடா ஓடுது. ஆனா ஒரு இடம். பயந்து போன லோரி, கதவு நிலையில சாஞ்சு நின்னு அழறா. அவளுக்குப் பின்னாடி அறை முழுக்க இருட்டு. அந்த இருட்டுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா ஒரு வெள்ளை மூஞ்சி தெரிய ஆரம்பிக்குது. பாய்ஞ்சு வரல. குதிக்கல. சும்மா தெரியுது, அவ்வளவுதான். எங்கள்ல ஒருத்தன் எழுந்து போய் டியூப் லைட்டைப் போட்டான். யாரும் அவனைத் திட்டல.

எத்தனை காசுல எடுத்த படம் தெரியுமா? மூணு லட்சத்துச் சொச்சம் டாலர். அமெரிக்கப் படத்துக்கு அது டீ செலவு. மைக்கேலோட அந்த வெள்ளை முகமூடி, கடையில ரெண்டு டாலருக்கும் குறைவா கிடைச்ச ‘ஸ்டார் ட்ரெக்’ கேப்டன் கிர்க் முகமூடி. கிருதாவைப் பிய்ச்சு, கண் ஓட்டையைப் பெருசாக்கி, மேல வெள்ளை பெயிண்ட் அடிச்சாங்க. கதை நடக்கறது இலையுதிர் காலத்துல. ஷூட்டிங் நடந்தது கலிபோர்னியா வசந்தத்துல. காஞ்ச இலைக்கு எங்க போறது? இலைக்குப் பெயிண்ட் அடிச்சு ரோட்டுல தூவி, ஷாட் முடிஞ்சதும் திரும்பப் பொறுக்கி, மூட்டை கட்டி, அடுத்த ஷாட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. இசையும் கார்பெண்டரே. பணம் இல்லாததால எல்லாரும் மூளையைச் செலவழிச்ச படம்.

அந்தப் படத்துல மைக்கேலுக்குக் காரணமே கிடையாது. ஆறு வயசுப் பையன், 1963-ல ஒரு ஹாலோவீன் ராத்திரி, கோமாளி டிரஸ்ல, அக்காவைக் கத்தியால குத்தறான். ஏன்? தெரியாது. பதினஞ்சு வருஷம் கூடவே இருந்த டாக்டர் லூமிஸுக்கும் தெரியாது. ஒருத்தனைச் சுவரோட சேர்த்துக் கத்தியில தொங்க விட்டுட்டு, மாட்டின படம் நேரா இருக்கான்னு பார்க்கற மாதிரி தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ச்சுப் பார்ப்பான். அந்தத் தலைக்குள்ள என்ன ஓடுதுன்னு யாருக்கும் தெரியாது. பயமே அதுதானே?

அதைத்தான் ஒவ்வொரு படமா வந்து கெடுத்தாங்க.

1981-ல ரெண்டாவது பாகம். லோரி யாருன்னா, மைக்கேலோட சொந்தத் தங்கச்சியாம்! நம்ம ஊர்ல திருவிழாவில காணாம போனவங்க குடும்பப் பாட்டு பாடி ஒண்ணு சேருவாங்க. இவங்க கத்தியோட ஒண்ணு சேர்ந்தாங்க. பீர் அடிச்சுக்கிட்டே எழுதின கதை அதுன்னு கார்பெண்டரே பின்னாடி ஒத்துக்கிட்டார். 1995-ல வந்த ஆறாவது படத்துல ஒரு ரகசியக் கூட்டம், சாபம், மணிக்கட்டுல குறி. பில்லி சூனியம் ஒண்ணுதான் பாக்கின்னு நினைச்சேன், அதுவும் வந்துடுச்சு. 2007-ல ராப் ஸோம்பி புதுசா எடுத்தார். அதுல மைக்கேல் கெட்டுப் போனதுக்கு வீட்டுச் சூழ்நிலை காரணம். பாவம் பையன், வளர்ப்பு சரியில்ல!

லோரிக்கு ரேஷன் கார்டு எழுதச் சொன்னா தாலுகா ஆபீஸே திணறிடும். நாலாவது படத்துல அவ கார் விபத்துல செத்தாச்சு, ஜேமின்னு ஒரு பொண்ணு இருக்கா. 1998-ல ‘ஹெச் ட்வென்டி’ வந்தப்போ சாகவே இல்ல, செத்த மாதிரி நடிச்சாளாம். பொண்ணைக் காணோம், ஜான்னு ஒரு பையன் இருக்கான். அந்தப் பட முடிவுல மைக்கேல் தலையைக் கோடாரியால ஒரே வெட்டு. அப்பாடா, முடிஞ்சுதுன்னு நான் எழுந்து கைதட்டினேன். 2002-ல அடுத்த பாகம்: வெட்டினது மைக்கேல் தலை இல்லையாம், ஆம்புலன்ஸ்காரர் தலையாம்! நாலு வருஷம் கழிச்சு என் கைதட்டலை யாருகிட்டப் போய்த் திருப்பிக் கேக்கறது? அதே படத்துல, ஆரம்பத்துலயே லோரியைக் கூரையிலிருந்து தள்ளிக் கொன்னாங்க.

அதனாலதான் 2018-ல டேவிட் கார்டன் கிரீன் வந்து, முதல் படம் மட்டும்தான் நிஜம், மத்ததெல்லாம் நடக்கவே இல்லைன்னு அழிச்சப்போ எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. தங்கச்சிக் கதை? அது ஊர்ல யாரோ கிளப்பிவிட்ட புரளின்னு படத்துலயே ஒரு பொண்ணு சொல்லிடும். லோரி 40 வருஷமா வீட்டைக் கோட்டை மாதிரி கட்டி, கம்பி போட்டு, பாதாள அறை வெச்சு, துப்பாக்கி பழகி, அவன் வருவான் வருவான்னு காத்திருக்கா. பொண்ணு கேரனே அவளைப் பைத்தியம்னு ஒதுக்கிட்டா. லோரியா நடிச்ச ஜேமி லீ கர்ட்டிஸ் முகத்துல அந்த 40 வருஷம் தெரிஞ்சது. அடுத்து 2021-ல ‘ஹாலோவீன் கில்ஸ்’. இன்னிக்கு ராத்திரி தீமை சாகணும்னு ஊரே கோஷம் போட்டுக்கிட்டு ஓடுச்சு. ஓடி என்ன பண்ணுச்சு? வேற ஒரு அப்பாவி நோயாளியைத் துரத்திச் சாகடிச்சுது. கடைசியில கேரனையும் மைக்கேல் குத்திக் கொன்னுட்டு மாயமாயிட்டான்.

சரி, இப்போ ‘எண்ட்ஸ்’. நாலு வருஷம் கழிச்சு. மைக்கேல் எங்கன்னு யாருக்கும் தெரியாது. நல்லா கவனிங்க. அவன் மனநல ஆஸ்பத்திரியில, பூட்டுக்குள்ள இருந்த 40 வருஷம் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த பொம்பள, அவன் வெளிய வந்து, பெத்த பொண்ணைக் கொன்னுட்டு, ஆளே அகப்படாம திரியறப்போ என்ன பண்றா? ஊருக்குள்ள சாதாரண வீட்டுல பேத்தியோட குடி வந்து, சமையல்கட்டுல பூசணிக்காய் பை பேக் பண்றா! அதுவும் தீய்ஞ்சு போகுது. மிச்ச நேரம் சுயசரிதை எழுதறா. ஏம்மா, வாசக்கதவுக்காவது ரெண்டு தாழ்ப்பாள் போட்டியா? ஒரு திருடன் வந்துட்டுப் போனா நம்ம தெருவுல ஆறு மாசம் யாரும் ஜன்னல் திறக்க மாட்டாங்களே!

மைக்கேல் எங்க? அரை மணி நேரம் பார்க்கறேன், பழைய காட்சித் துணுக்குகளைத் தவிர ஆளையே காணோம். அவனுக்குப் பதிலா கோரின்னு ஒரு பையன். சும்மா சொல்லக் கூடாது, அவனோட ஆரம்பக் காட்சி பிரமாதம். 2019 ஹாலோவீன் ராத்திரி, ஒரு வீட்டுல குழந்தையைப் பார்த்துக்க வந்திருக்கான். டிவியில கார்பெண்டரோட ‘தி திங்’ ஓடுது. அந்த வாலு, விளையாட்டுக்கு இவனை மாடி அறையில வெச்சுப் பூட்டிடுது. இவன் பதறிக் கதவை உதைக்க, கதவு திறந்த வேகத்துல வெளிய நின்ன பையன் மாடிக் கைப்பிடியைத் தாண்டிக் கீழ விழறான். பெத்தவங்க சரியா அந்த நேரம் உள்ள நுழையறாங்க. மூச்சே நின்னுடுச்சு எனக்கு.

அதுக்கப்புறம்? கோர்ட் அவனை விட்டாலும் ஊர் விடல. லோரியோட பேத்தி ஆலிசனுக்கு அவன் மேல காதல். பைக்ல சுத்தறாங்க. சாக்கடைக் குழாய்க்குள்ள கோரி மைக்கேலைச் சந்திக்கறான், தீமை தொத்திக்குது. மைக்கேலுக்கு இப்போ வயசு 65. நம்ம ஊரா இருந்தா பென்ஷன் வாங்கிட்டு, காலையில பார்க்ல வாக்கிங் போயிட்டிருப்பான். இங்க சாக்கடையில படுத்திருக்கான். கோரி, ஒரு கட்டத்துல அவனோட மல்லுக்கட்டி முகமூடியைப் பிடுங்கிட்டுப் போயிடறான். 44 வருஷம் உலகத்தையே நடுங்க வெச்ச ஆள்கிட்ட இருந்து! பஸ்ல பெரியவர்கிட்ட சீட்டைப் பிடுங்கற மாதிரி!

கூட உட்கார்ந்திருந்த அக்கா பையன் சிரிச்சான். “மாமா, அதையே திருப்பி எடுத்தா அரைச்ச மாவுங்கறீங்க. புதுசா எடுத்தா மைக்கேல் எங்கங்கறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?”

நியாயமான கேள்வி. ரெண்டு நிமிஷம் பதில் வரல. ஏன்னா எங்க ரசிகர் கூட்டத்துக்கு ஒரு பாவக் கணக்கு இருக்கு. 1982-ல மைக்கேலே இல்லாம மூணாவது படம் எடுத்தாங்க. முகமூடி விற்கற கம்பெனி, குழந்தைகளைக் கொல்லற சதின்னு புதுக் கதை. ரசிகனுங்க காறித் துப்பினாங்க. இன்னிக்கு அதே படத்தைத் தலையில வெச்சுக் கொண்டாடறோம். ‘எண்ட்ஸ்’ டைட்டில் எழுத்தையே அந்த மூணாவது பட பாணியில போட்டிருக்காங்க. அதாவது, முன்கூட்டியே நமக்கு ஒரு குத்து.

ஆனாலும் சொன்னேன். “டேய், கோரி கதையை கோரி பேர்ல எடுத்திருந்தா முதல் ஆளா நான் போயிருப்பேன். கல்யாணப் பந்தியில உட்கார வெச்சு, இலை போட்டு, ஒரு மணி நேரம் ஊறுகாயை மட்டும் பரிமாறினா? ஊறுகாய் நல்லாத்தான் இருக்கு. நான் வந்தது சாப்பாட்டுக்குடா!”

சாப்பாடு வந்துச்சு, பந்தி முடியற நேரத்துல. சமையல்கட்டுல லோரியும் மைக்கேலும். கத்தியால அவன் கையை மேஜையோட சேர்த்துக் குத்தி, மேல பிரிட்ஜைச் சாய்ச்சு, கழுத்தை அறுத்தாச்சு. அப்புறம் பிணத்தைக் காருக்கு மேல கட்டி, போலீஸோட, ஊரே பின்னாடி ஊர்வலமா வர, காயலாங்கடைக்குக் கொண்டு போய், கார் நொறுக்கற மெஷின்ல போட்டு அரைச்சாங்க. இனிமே ஆம்புலன்ஸ்காரர் கதை சொல்ல முடியாதுல்ல, அதுக்குத்தான் இவ்வளவு பந்தோபஸ்து. நான் சிரிக்கறதா அழறதான்னு தெரியாம உட்கார்ந்திருந்தேன்.

சரி, முடிஞ்சதாவது முடிஞ்சுதா? அடுத்த வருஷமே, 2023 அக்டோபர்ல, டிவி சீரியல் எடுக்கற உரிமையை மிராமாக்ஸ் கம்பெனி வாங்கிடுச்சு. அரைச்ச மெஷினைக் கழுவக்கூட நேரம் கொடுக்கல.

நம்ம ஊர்ல தியேட்டர் போஸ்டர் மேல ‘இன்றே கடைசி’ன்னு ஒரு துண்டுத் தாள் ஒட்டுவாங்க, ஞாபகம் இருக்கா? மறுநாள் போனா அதே படம் ஓடும், அதே துண்டுத் தாளும் இருக்கும். ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கும் அதே தாள். இப்போ கதைகளுக்கும் வந்துடுச்சு. யாரும் எதையும் முடிக்கறதா இல்ல. ‘முடிவு’ன்னு ஒரு சரக்கைத் தனியா பேக் பண்ணி விக்கறாங்க. வாங்கறது யாரு? நான்தான். பதிமூணு தடவை ஏமாந்தவன் ஏமாளி இல்லீங்க, வாடிக்கையாளர்.

இத்தனைக்கும் சரியான முடிவு 1978-லயே இருக்கு. டாக்டர் லூமிஸ் ஆறு குண்டு சுடறார். மைக்கேல் பால்கனியிலிருந்து விழறான். எட்டிப் பார்த்தா புல்தரையில ஆள் இல்ல. அப்புறம் காலி அறை, மாடிப்படி, இருட்டு வீடு, ஒவ்வொண்ணா காட்டறாங்க. எல்லாத்துலயும் அவன் மூச்சுச் சத்தம் மட்டும். காயலாங்கடையும் வேணாம், மெஷினும் வேணாம். அன்னிக்கு ராத்திரி டெக்கை அணைச்ச பிறகும் நாங்க நாலு பேரும் தனியா பாத்ரூம் போகல.

நீங்க இன்னும் இந்த வரிசையைப் பார்க்கலைன்னா தயவுசெஞ்சு ஒண்ணு செய்யுங்க. முதல் படத்தைப் போடுங்க. 91 நிமிஷம்தான். அந்த மூச்சுச் சத்தம் நின்னதும் டிவியை அணைச்சுட்டுப் படுத்துடுங்க. அடுத்ததைப் போடவான்னு திரை கேக்கும். வேணாம்னு சொல்லுங்க. எனக்கு அது இன்னும் வரமாட்டேங்குது.