மலை எங்கும் ஓடிவிடாது!

ஏப்ரல் பரீட்சை முடிந்த கையோடு "மலை ஏறலாம்டா மச்சி" என்று கிளம்பும் கூட்டம் நம்மிடையே அதிகம். ஆசை தப்பில்லை; நாள்தான் தப்பு. கோடையில் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும்.

2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும். ஓடி ஜெயிக்க முடியாது. அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் கொண்டு வந்தது.

எனவே, பொங்கல் லீவில் போங்கள். வனத்துறை அனுமதி, உள்ளூர் வழிகாட்டி இரண்டும் இல்லாமல் கிளம்பாதீர்கள். கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் வேகமே எல்லோருக்கும் வேகம். "திரும்பிடலாம்" என்பவரைக் கேலி செய்யாதீர்கள். மலை அடுத்த வருஷமும் அங்கேயேதான் நிற்கும், நாமும் இருக்கணும்ல!