யாரை என்பது இருக்கட்டும், எத்தனை வருடத்துக்கு?

ஜூன் பிறந்துவிட்டால் ஐரோப்பியக் கால்பந்து ரசிகர்களின் கண்ணுக்கு வேலை இல்லை, வாய்க்குத்தான் வேலை. எந்த வீரரைத் தக்கவைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று பிரீமியர் லீக் கிளப்புகள் சொல்லும் பட்டியல் அந்த மாதத்தில்தான் வெளியாகும். 30-ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிகிற டிஃபெண்டர்களின் பெயர்களை ஆளுக்கொன்றாகப் பொறுக்கிக்கொண்டு சண்டை தொடங்கிவிடும். முழங்கால் சரியில்லை என்பார் ஒருவர். உலகக் கோப்பை ஆடியவனப்பா என்பார் இன்னொருவர். கடைசியில் எல்லா வாதமும் ஒரே வாக்கியத்தில் போய் முட்டும்: "சும்மாதானே வர்றான், எடுத்துப் போட்டா என்ன நஷ்டம்?"

என்ன நஷ்டம், என்ன லாபம் என்பதற்கு 2001-ஆம் ஆண்டின் கோடையைவிடத் தெளிவான கணக்கு வேறில்லை.

அந்த ஜூலை மாதத் தொடக்கத்தில் ஆர்சனல் கிளப் செய்தியாளர்களை அழைத்திருந்தது. ரிச்சர்ட் ரைட் என்ற கோல்கீப்பரை அறிமுகப்படுத்தப் போகிறார்கள் என்று எண்ணி வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் ஆர்சென் வெங்கருடன் உள்ளே வந்தவர் சோல் கேம்பல். பரம எதிரியான டாட்டன்ஹாமின் கேப்டன், வயது 26, இங்கிலாந்து அணியின் முதல் தேர்வு. ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் டாட்டன்ஹாமுக்கு ஒரு பவுண்டுகூடக் கிடைக்கவில்லை. நவம்பரில் அவர் பழைய மைதானத்துக்கு ஆடப் போனபோது ‘யூதாஸ்’ என்று எழுதிய பலூன்கள் காத்திருந்தன.

அடுத்த மாதம் மான்செஸ்டர் யுனைடெட்டும் ஒரு சென்டர் பேக்கைச் சும்மாவே கூட்டிவந்தது. 29 வயது யாப் ஸ்டாமை இத்தாலியின் லாசியோவுக்கு விற்றுவிட்டு, இன்டர் மிலானிலிருந்து லோரன் பிளாங்கை எடுத்தார் அலெக்ஸ் ஃபெர்குசன். விற்கிற செய்தியை ஃபெர்குசன் தன்னிடம் ஒரு பெட்ரோல் பங்கில் வைத்துச் சொன்னதாக ஸ்டாம் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிளாங்கின் பெயருக்கு என்ன குறை? 1998 உலகக் கோப்பையையும் 2000 ஐரோப்பியக் கோப்பையையும் வென்ற பிரான்ஸ் அணியின் தூண். ஆட்டத்துக்கு முன்னால் கோல்கீப்பர் பார்தெஸின் மொட்டைத் தலையில் முத்தமிடுவாரே, அவரேதான். பார்தெஸும் அப்போது யுனைடெட்டில்தான் இருந்தார். பிளாங்குக்கு வயது 35.

டிசம்பர் முதல் தேதிக்குள் யுனைடெட் லீகில் ஐந்து ஆட்டம் தோற்றிருந்தது. தோற்கடித்த அணிகள் போல்டன், லிவர்பூல், ஆர்சனல், நியூகாசில், செல்சி. இவற்றின் ஆங்கில முதலெழுத்துகளை வரிசையாகச் சேர்த்துப் பாருங்கள், பிளாங்கின் பெயர் வரும். இங்கிலாந்து ரசிகர்கள் அந்தக் குளிர்காலம் முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தார்கள். முந்தைய சீசனில் 31 கோல் வாங்கிய யுனைடெட் அந்த சீசனில் 45 வாங்கியது. 87 கோல் அடித்தும் மூன்றாம் இடம்தான். யுனைடெட்டின் சொந்த மைதானத்திலேயே அவர்களை வீழ்த்தி ஆர்சனல் பட்டத்தை உறுதிசெய்துகொண்டது.

இதை வைத்து ‘இளையவனை எடு, கிழவனை விடு’ என்று தீர்ப்பெழுதிவிடலாமா? எனக்குத் தயக்கம் உண்டு. கேம்பல் வருவதற்கு முந்தைய சீசனில் ஆர்சனல் வாங்கிய கோல் 38, அவர் வந்த சீசனில் 36. எண்ணை மட்டும் பார்த்தால் அவர் வந்ததில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. ஆர்சனலின் டோனி ஆடம்ஸ் ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பின்வரிசை சரியாமல் கைமாறியதுதான் கேம்பலால் வந்த லாபம். 2003-04 சீசனில் ஒரு தோல்விகூட இல்லாமல், 26 கோல் மட்டுமே வாங்கி ஆர்சனல் பட்டம் வென்றபோதுதான் அந்த லாபம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பிளாங் விஷயத்திலும் பிசகு வயதில் இல்லை, கொடுத்த வேலையில் இருந்தது. ஸ்டாமின் வேகத்தை நம்பி மேலேறி ஆடிப் பழகிய அணியில், ஆட்டத்தை மூளையால் படித்து நிதானமாக நகரும் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவரே இரண்டாவது சீசனும் இருந்து, 2003-இல் லீக் பட்டம் வாங்கிக்கொண்டுதான் ஓய்வுபெற்றார்.

டிஃபெண்டர்களைப் பற்றிய ரசிகர் சண்டை பெரும்பாலும் வழுக்குவது இந்த இடத்தில்தான். ஸ்ட்ரைக்கரைப் பற்றிப் பேச கோல் கணக்கு போதும். டிஃபெண்டரின் நல்ல நாள் என்பது எதுவும் நடக்காத நாள். அதை வீடியோவாக வெட்டி ஒட்ட முடியாது. ஓடிப்போய்ச் சறுக்கிப் பந்தைத் தட்டிவிடும் காட்சியை நாம் பத்து முறை பார்த்துக் கைதட்டுகிறோம். நிற்க வேண்டிய இடத்தில் முன்கூட்டியே நின்றிருந்தால் சறுக்கவே தேவையில்லையே என்று யாரும் கேட்பதில்லை. போதாக்குறைக்கு, பின்வரிசை நான்கு பேர் சேர்ந்து பிடிக்கிற கயிறு. பக்கத்தில் நிற்பவர் மாறினால் அதே ஆள் வேறு ஆளாகத் தெரிவார்.

‘சும்மா’ என்ற சொல்லுக்கு வருவோம். இந்த ‘சும்மா’வைச் சட்டமாக்கியவர் பெல்ஜியத்தின் ஜான்-மார்க் போஸ்மன் என்ற நடுத்தர ஆட்டக்காரர். 1990-இல் லியேஜ் கிளப்புடன் அவர் ஒப்பந்தம் முடிந்தது. கால்பங்கு சம்பளத்தில் இன்னொரு ஒப்பந்தத்தை நீட்டினார்கள். மறுத்துவிட்டு பிரான்சின் டன்கெர்க் அணிக்குப் போகப் பார்த்தார். லியேஜ் டிரான்ஸ்ஃபர் தொகை கேட்டு மறித்தது. ஒப்பந்தம் முடிந்தவரையும் கிளப் கட்டிவைக்கலாம் என்று இருந்த காலம் அது. 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அந்தக் கட்டை அவிழ்த்தது. இன்று ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் ஒரு வீரர் அடுத்த கிளப்புடன் கையெழுத்திடலாம்.

நம்மூர் அரசாணைகளில் ‘இலவச’ என்று எழுதாமல் ‘விலையில்லா மிக்சி’ என்று எழுதினார்கள். கால்பந்துக்கும் அந்தச் சொல்தான் பொருத்தம். விலைதான் இல்லை, செலவு உண்டு. பழைய கிளப்புக்குப் போகாத பணம் கையெழுத்து போனஸாகவும் ஏஜென்ட் கமிஷனாகவும் கூடுதல் சம்பளமாகவும் பிரிந்து போகிறது. வாங்கிய வீரர் சரிப்படவில்லை என்றால் பாதி விலைக்காவது விற்கலாம். கொழுத்த சம்பளத்தில் சும்மா வந்த 33 வயதுக்காரரை எந்தக் கிளப் கேட்டு வரும்? ஒப்பந்தத்தின் கடைசி நாள்வரை அவர் நம் ஆள்தான்.

ஆகவே, யாரை எடுப்பது என்பதைவிட எத்தனை வருடத்துக்கு எடுப்பது என்பதே பெரிய கேள்வி என்பது என் கட்சி. ரசிகர்கள் அதைப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

இருபது வருடம் கழித்து, 2021 கோடையில் இதே மாதிரி இன்னொரு ஜோடி அமைந்தது. ரியல் மாட்ரிட்டில் பதினாறு ஆண்டு ஆடிய செர்ஜியோ ராமோஸ், 35 வயதில் பாரிஸ் செயின்ட் ஜெர்மனுக்குப் போனார், இரண்டு வருட ஒப்பந்தம். அவர் விட்டுப்போன 4-ஆம் எண் சட்டையை, பேயர்ன் மியூனிக்கிலிருந்து சும்மா வந்த டேவிட் அலாபா போட்டுக்கொண்டார், ஐந்து வருட ஒப்பந்தம். கெண்டைக்கால் காயத்தால் ராமோஸ் பாரிசுக்காக முதல் ஆட்டம் ஆடவே நவம்பர் கடைசி ஆகிவிட்டது. அடுத்த மார்ச்சில் சாம்பியன்ஸ் லீகில் இந்த இரு அணிகளும் மாட்ரிட்டில் மோதியபோதும் அவர் களத்தில் இல்லை. பென்சிமா மூன்று கோல் அடித்து பாரிசை வெளியேற்றிய அந்த இரவில், அலாபா மைதானத்தின் ஓரத்தில் கிடந்த வெள்ளை நாற்காலி ஒன்றை இரு கைகளாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். மே மாதம் மாட்ரிட்டுக்குக் கோப்பையும் வந்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் ‘சும்மா’ கட்சிக்கு முழு வெற்றி. 2023 டிசம்பரில் அலாபாவின் முழங்கால் தசைநார் கிழிந்தது. திரும்பிவர 2025 ஜனவரி ஆயிற்று. ஒப்பந்தமோ 2026 ஜூன்வரை. மொத்தத்தில் மாட்ரிட்டுக்கு லாபம்தான் என்பேன், ஆனால் அந்த லாபம் முதல் இரண்டு வருடத்தில் வந்தது. மீதி மூன்று வருடத்தின் பெரும்பகுதி அதற்குக் கட்டிய வட்டி.

செல்சி 2020-இல் தியாகோ சில்வாவை எடுத்த விதம் வேறு. 36 வயதை எட்ட ஒரு மாதம்கூட இல்லை. முதலில் ஓராண்டுதான் கொடுத்தார்கள். ஆடினார், நீட்டித்தார்கள், மறுபடி ஆடினார், மறுபடி நீட்டித்தார்கள். இப்படியே நான்கு சீசன், நடுவில் ஒரு சாம்பியன்ஸ் லீக். இதே செல்சி மறுமுனையிலும் அடிபட்டிருக்கிறது. 2022-இல் உரிமையாளர் அப்ரமோவிச் மீது பிரிட்டன் தடை விதித்ததால் புது ஒப்பந்தம் எதுவும் போட முடியாமல், டிஃபெண்டர்கள் ருடிகரையும் கிறிஸ்டென்சனையும் ஒரே கோடையில் கைநழுவ விட்டது.

எனக்குப் பிடித்த உதாரணம் இவ்வளவு பெரிதல்ல. லெஸ்டர் அணி 2023-இல் கீழ் டிவிஷனுக்கு இறங்கியதும் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தார் ஜானி எவன்ஸ், வயது 35. எட்டு வருடம் முன்பு தன்னை அனுப்பிவிட்ட மான்செஸ்டர் யுனைடெட்டில் சீசனுக்கு முந்தைய பயிற்சிக்காகச் சேர்ந்துகொண்டார். செப்டம்பர் முதல் தேதி ஓராண்டு ஒப்பந்தம் கொடுத்தபோது யுனைடெட் ரசிகர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து பர்ன்லியில், அந்த அணிக்கான தன் 200-ஆவது ஆட்டத்தில், எதிரணிப் பின்வரிசையின் தலைக்குமேல் நீளமாக ஒரு பந்தைத் தூக்கிப்போட்டார். புரூனோ ஃபெர்னாண்டஸ் அதைத் தரையில் விழவிடாமல் அடித்தார். ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான். மற்றவர்கள் காயத்தில் விழுந்த அந்த சீசனில் எவன்ஸ் ஏறக்குறைய 30 ஆட்டங்களில் இறங்கினார். ஒருவேளை தோற்றிருந்தாலும் ஒரு வருடச் சம்பளத்தோடு போயிருக்கும்.

சோல் கேம்பலுக்கே திரும்பி வருகிறேன். 2009 ஆகஸ்டில் அவர் மறுபடியும் சும்மா கிடைத்தார். நான்காம் டிவிஷனில் இருந்த நாட்ஸ் கவுன்டியைப் புதிய முதலாளிகள் பிடித்திருந்தார்கள். இங்கிலாந்து அணியின் முன்னாள் மேனேஜர் ஸ்வென்-யோரன் எரிக்சனையே கொண்டுவந்து கால்பந்து இயக்குநராக வைத்தவர்கள் அவர்கள். 35-ஐத் தொடவிருந்த கேம்பலுக்கு ஐந்து வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். செப்டம்பர் 19, மோர்கம்ப் அணியுடன் முதல் ஆட்டம். 1-2 என்று தோற்றார்கள். அந்த அணிக்கு அவருடைய கடைசி ஆட்டமும் அதுவே. ஒரு வாரத்துக்குள் ஒப்பந்தத்தைக் கலைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஜனவரியில் வெங்கர் அவரை சீசன் முடியும்வரைக்கும் என்று மட்டும் சொல்லி ஆர்சனலுக்குத் திரும்பக் கூப்பிட்டார். பிப்ரவரியில் போர்ட்டோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில், 35 வயது கேம்பல் தலையால் முட்டி ஒரு கோல் அடித்தார்.