மௌனமும் பேச்சுரிமையே!

"பிழைக்க வந்த இடத்தில் வாயைத் திறக்காதே!" நம் குடியிருப்புகளில் அன்றாடம் கேட்கும் அறிவுரை இது. தன் சமயத்துக்கு ஒவ்வாத வழிபாட்டில் பிள்ளையைக் கைகூப்பி நிற்கச் சொன்னாலும், "சொன்னதைச் செய், பெயரை வெட்டிவிடுவார்கள்" என்கிறோம். மொழி தெரியாத ஊரில் பள்ளியில் இடம் கிடைத்ததே பெரிது என்று எண்ணும் பெற்றோரின் அச்சம் நமக்குத் தெரியாததல்ல. அந்த அச்சத்தையே முதலாக வைத்து அதிகாரம் செய்வோரைத் தட்டிக் கேட்க வேண்டாமா?

தோழர்களே! நாம் பள்ளியில் ஒப்படைத்தது பிள்ளையின் படிப்பைத்தான். அதன் மனச்சாட்சியை அடகு வைக்கவில்லை!

சட்டம் என்ன சொல்கிறது? அரசு ஏற்புப் பெற்ற, அல்லது அரசின் உதவிப் பணம் பெறும் எந்தப் பள்ளியும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி ஒரு மாணவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு. வயது வராத பிள்ளையென்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதம் தர வேண்டும். சம்மதம் என்பது நாம் கொடுப்பது. தலைமையாசிரியர் தாமாக எடுத்துக்கொள்வதல்ல!

"சட்டம் ஏட்டில் இருக்கும், ஏழைக்கு உதவுமா?" என்று கேட்பீர்கள். உதவியிருக்கிறது. கேரளத்தில் 1985 ஜூலையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 10, 9, 5ஆம் வகுப்புகளில் படித்தவர்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். செய்த குற்றம்? நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். தங்கள் நம்பிக்கை இடம் தராததால் பாடவில்லை. அவ்வளவுதான்! கேரள உயர்நீதிமன்றம் கைவிட்டது. ஆனால் 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்சநீதிமன்றத்தில் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் தத்தும் அப்பிள்ளைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டனர். 19ஆவது பிரிவு தரும் பேச்சுரிமையும், 25ஆவது பிரிவு தரும் மனச்சாட்சி உரிமையும் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தனர். அடிப்படை உரிமைக்கு வரம்பு கட்டச் சட்டம் வேண்டும், கல்வித்துறையின் சுற்றறிக்கை போதாது என்றும் தெளிவாக்கினர். சட்டமே இல்லாத இடத்தில் "மேலிடத்து உத்தரவு" என்று மிரட்டுவோர் இதைக் குறித்துக்கொள்ளட்டும்!

"பள்ளிக்கு ஒழுங்கு வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். நேரத்துக்கு வருவது ஒழுங்கு. பாடம் படிப்பது ஒழுங்கு. ஆனால் பிள்ளையை வாசலிலேயே நிறுத்திப் படிப்பைப் பறிப்பது எந்த ஒழுங்கு? கர்நாடகத்தில் 2022இல் தலைமுக்காடு அணிந்த மாணவியர் அப்படித்தான் நிறுத்தப்பட்டனர். உயர்நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. அவ்வாண்டு அக்டோபர் 13 அன்று உச்சநீதிமன்ற நீதிபதிகள் இருவரும் இருவேறு தீர்ப்பு வழங்கினர். நீதிபதி ஹேமந்த் குப்தா அரசின் ஆணையை ஏற்றார். நீதிபதி சுதான்ஷு தூலியா, பெண் பிள்ளையின் படிப்பு என்னாவது என்று கேட்டார். நம் கேள்வியும் அதுவே. முக்காடு நமக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பதல்ல வழக்கு!

இங்கேதான் நம்மவர்க்கும் ஒரு சோதனை. நமக்குப் பிடித்ததைப் பேச உரிமை கேட்கிறோம். பிடிக்காததைப் பேசுகிறவன் வாயை அடைத்தால் கைதட்டுகிறோம். இட ஒதுக்கீட்டைக் குறைகூறிய 'ஒரே ஒரு கிராமத்திலே' படம் நம் கருத்துக்கு நேர் எதிரானது. ஆனாலும் 1989இல் அதை வெளியிடலாம் என்றது உச்சநீதிமன்றம். கலவரம் வரும் என்ற மிரட்டலுக்கு அஞ்சிப் பேச்சுரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது, அதைக் காப்பது அரசின் கடமை என்றது. அந்தப் படத்தை எழுத்தால் மறுப்போம், மேடையில் மறுப்போம். பூட்டுப் போடச் சொல்ல மாட்டோம். இன்று அவனுக்குப் போடும் பூட்டு நாளை நமக்கும் பொருந்தும்! வேற்று மாநிலத்தில் எண்ணிக்கையில் சிறியவர்களாக வாழும் நாம் இதை மறக்கலாமா?

செய்ய வேண்டியது என்ன? பிள்ளையை வழிபாட்டில் கட்டாயப்படுத்தினால், "எங்களுக்குச் சம்மதமில்லை" என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியிட்டுக் கையொப்பம் வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள்; நான்கு பெற்றோராகப் போங்கள். அந்த ஊர் மொழியில் எழுத வராதவர்களுக்குச் சங்கத்தில் படித்தவர்கள் எழுதித் தரட்டும். பாதிக்கப்பட்டது பக்கத்து வீட்டு முஸ்லிம் பிள்ளையானாலும், சாமி கும்பிடாதவன் பிள்ளையானாலும் அந்த நால்வரில் ஒருவராக நில்லுங்கள்!

பிழைக்க வந்தோம், உண்மை. அடிமையாக வரவில்லை!