அதிரும் அம்பாசடர்: குற்றவாளி யார்?

கொல்கத்தாவில் பார்க் ஸ்ட்ரீட்டும் ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது மல்லிக் பஜார். பழைய கார் உதிரி பாகங்களுக்குப் பெயர்போன சந்தை. ஹூக்ளி நதிக்கு அக்கரையில், உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாதம் அம்பாசடர் உற்பத்தியை நிறுத்திய பிறகு, அந்தக் காரை விட மனமில்லாதவர்களுக்கு இதுபோன்ற சந்தைகளும் லேத் பட்டறைகளும்தான் கதி.

விட மனமில்லாதவர்களில் ஒரு ரகத்தினர் வேகப் பிரியர்கள். பழைய 1489 சி.சி. எஞ்சினை இறக்கிவிட்டு, 1990களில் வந்த 1800 சி.சி. இசுசு எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் பொருத்துகிறார்கள். கியர் பெட்டி மாறினால், அதிலிருந்து பின் அச்சுக்கு ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளமும் மாற வேண்டும். லேத் பட்டறையில் ஷாஃப்டை வெட்டி ஒட்டுகிறார்கள். கார் கிளம்புகிறது. 60 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் இருக்கைக்கு அடியில் உறுமல், காலடியில் நடுக்கம்.

மெக்கானிக் முதலில் டயரைக் குறை சொல்வார். புது டயர் மாட்டியும் நடுக்கம் போகாது. அடுத்து எஞ்சின் மவுண்டிங். அதன் பிறகு இன்னொரு ஷாஃப்ட். செலவு ஏறுகிறதே தவிர அதிர்வு இறங்குவதில்லை. ஆனால் காசு செலவில்லாத மூன்று சோதனைகளில் குற்றவாளியை ஏறக்குறைய அடையாளம் கண்டுவிடலாம்.

முதல் சோதனை: காலியான சாலையில் அதிர்வு தோன்றும் வேகத்தைக் குறித்துக்கொண்டு, அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்ட வேண்டும். எஞ்சினின் சுழற்சி கூடியும் அதிர்வு அப்படியே இருந்தால் எஞ்சின் நிரபராதி. இரண்டாவது: அந்த வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றிச் சிறிது தூரம் உருளவிட வேண்டும். அப்போதும் அதிர்ந்தால் டயர் அல்லது ஷாஃப்டின் சமநிலையில் கோளாறு. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது கூடி, காலை எடுத்ததும் குறைந்தால் ஜாயின்டின் கோணத்தைச் சந்தேகிக்கலாம். மூன்றாவது: முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் பார்ப்பது. நடுக்கம் இடம் மாறினால் குற்றம் சக்கரத்தினுடையது. சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் ஏறக்குறைய நான்கு சுற்று சுற்றிவிடும். அதனால் டயர் கோளாறு மெதுவான ஆட்டமாகவும், ஷாஃப்ட் கோளாறு வேகமான ரீங்காரமாகவும் தெரியும்.

வெட்டி ஒட்டிய ஷாஃப்ட் ஏன் இப்படிப் படுத்துகிறது? மையத்திலிருந்து 4 செ.மீ. தள்ளி வெறும் 10 கிராம் வெல்டிங் கட்டி அதிகமாக ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1,500 சுற்றில் அது ஒரு கிலோ எடையின் விசையோடு இழுக்கும். 3,000 சுற்றில் நான்கு கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்.

இரண்டாவது காரணம், இரு முனைகளிலும் உள்ள யூனிவர்சல் ஜாயின்ட்கள். கோணத்தில் சுழலும் ஒரு ஜாயின்ட், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும்படிதான் ஷாஃப்டைச் சுழற்றும். அந்த ஏற்ற இறக்கத்தை மறுமுனை ஜாயின்ட் சரிக்கட்டுகிறது. அதற்கு ஷாஃப்டின் இரண்டு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். இரு முனைக் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். ஒட்டும்போது கவை சற்றுத் திரும்பிவிட்டாலோ, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் தொய்ந்துவிட்டாலோ, புதுக் கியர் பெட்டி உயரம் தப்பி உட்கார்ந்தாலோ கணக்கு கெட்டுவிடும். ஷாஃப்டை எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் இந்த அதிர்வு தீராது. கவையைத் திருத்தி ஒட்ட வேண்டும், அல்லது ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே சாய்வான தகடு கொடுத்துக் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும்.

சமநிலைதான் கோளாறு என்றால் ஒரு எளிய வழி உண்டு. பின் அச்சோடு ஷாஃப்டை இணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, ஷாஃப்டை அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பார்க்கலாம். கழற்றும் முன் இரு பக்கமும் அடையாளம் இடுவது முக்கியம். சில சமயம் இதிலேயே பாதி நோய் தீர்ந்துவிடும். தீராவிட்டால், ஷாஃப்டைச் சுழற்றிப் பேலன்ஸ் செய்யும் இயந்திரம் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

‘ஓட ஓடச் சரியாகிவிடும்’ என்ற சமாதானத்தை மட்டும் நம்பக் கூடாது. நாள்பட்ட அதிர்வு முதலில் கியர் பெட்டியின் ஆயில் சீலையும் பேரிங்கையும் தின்னும். கடைசியில் ஜாயின்ட் முறியலாம். முன்முனை ஜாயின்ட் ஓட்டத்தில் முறிந்தால் ஷாஃப்ட் சாலையில் குத்தி, காரையே தூக்கிவிடக்கூடும். பட்டறைக்காரரிடம் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: கவைகள் நேராக இருக்கின்றனவா? பேலன்ஸ் பார்த்தாயிற்றா?